தூணோரத்து வெளிச்சம்

"முழிப்பெட்டி பொய் சொல்லாதுங்க" என்று பூபதி எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறான். வியாபாரத்துக்காகச் சொன்னதுதான். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் அவனே அதை நம்பிவிட்டான். கடைக்காரன் தன் சரக்கின் விளம்பரத்தைத் தானே நம்ப ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பூபதியின் குடும்பமே போதும்.

அரசாங்கக் காகிதங்களில் அதன் பெயர் கண்தொடரி. வீட்டுக்கு இவ்வளவுதான் மின்சாரம் என்று அளந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு வந்த புரொஜெக்டர் அது. பழைய புரொஜெக்டர் சுவர் முழுக்க வெளிச்சத்தை வாரி இறைத்தது. பார்க்கிறவர் கண்ணோ ஒரு சமயத்தில் திரையின் ஒரு சிறு இடத்தைத்தான் பார்க்கிறது. மிச்சத்துக்கு எதற்கு வெளிச்சம்? அதனால் திரைக்கு மேலே ஒரு சின்னக் கேமராவை வைத்தார்கள். அது எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கண்மணியைக் கவனிக்கும். கண் போகிற இடத்துக்கு மட்டும் முழு வெளிச்சம், மற்ற இடமெல்லாம் மங்கல். ஒருவர் பார்த்தால் ஒரு வட்டம், நான்கு பேர் பார்த்தால் நான்கு. யாருமே பார்க்காவிட்டால் திரை இருண்டுவிடும், சத்தம் மட்டும் கேட்கும்.

தனியாக உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. அவன் பார்க்கிற இடமெல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தால்தான் வம்பு. ஓரிடத்தில் மாமனாரின் வட்டம் கதாநாயகியின் முகத்தை விட்டுவிட்டு எங்கே இறங்குகிறது என்று வீடே பார்த்தது. சிங்காநல்லூரில் பெண் பார்க்க வந்த இடத்தில் குடும்ப வீடியோவைப் போட்டார்கள். மாப்பிள்ளையின் வட்டம் பெண்ணைத் தாண்டிப் பெண்ணின் தங்கையிடம் போய் உட்கார்ந்துகொண்டது. கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். ஒரு கட்சிக் கூட்டத்தில் தலைவரின் பேச்சைப் பெரிய திரையில் காட்டியபோது, தொண்டர்களின் வெளிச்சமெல்லாம் அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர்மேல் குவிந்தது. அடுத்த வாரம் அந்த இளைஞர் கட்சியில் இல்லை.

மக்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். படம் ஓடும்போது திரையின் நட்ட நடுவை வெறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "நடுவுல பாரு" என்று அம்மாக்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கதை புரிகிறதோ இல்லையோ, மானம் போகாமல் இருந்தது.

பூபதிக்கு இந்தத் தொல்லை கிடையாது. முழிப்பெட்டியைப் பொருத்துகிற தொழிலாளியின் பார்வைக்குப் பின்னாலும் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அதனால் அவர்களுடைய கண்களைக் கம்பெனியில் பதிந்து விலக்கி வைத்துவிடுவார்கள். எந்தப் பெட்டியும் அவர்களை ஓர் ஆளாகவே எடுத்துக்கொள்ளாது. ஊரெல்லாம் எங்கே பார்க்கிறது என்று பூபதிக்குத் தெரியும். பூபதி எங்கே பார்க்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அதில் அவனுக்கு உள்ளூர ஒரு சுகம் இருந்தது. கணபதிப் பகுதியில் இருந்த தன் வீட்டுப் பெட்டியிலும் அந்த விலக்கை அவன் எடுக்கவில்லை.

மனைவி மேகலா தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஒரே மகள் இனியா ஈரோட்டில் விடுதியில் தங்கிப் படித்தாள். சண்டை சச்சரவு இல்லாத வீடு. பூபதி நாற்பதைத் தொட்டிருந்தான். சின்ன எழுத்து கலங்கத் தொடங்கியதால் மேகலாதான் பிடிவாதமாக இழுத்துப்போய், பழைய தூரக் கண்ணாடியை மாற்றி, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துப் புதிதாக ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டாள். பிரேமைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

அந்த வாரத்தில்தான் அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. பூபதி பழைய கல்யாண வீடியோவைக் கம்பெனியில் கொடுத்துப் புதுப்பித்துக் கொண்டுவந்தான். முன்பெல்லாம் டிவியில் போட்டால் மேடையில் இருப்பவர்கள் மட்டும் தெரிவார்கள், பின்னால் நிற்கிறவர்கள் வெறும் கலங்கல். இப்போது கடைசி வரிசையில் கொட்டாவி விடுகிறவரின் பல்கூடத் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு, தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

முகூர்த்த நேரம். மேளம் முழங்குகிறது. இடது மூலையில், மண்டபத் தூணோரமாக, கருநீலச் சட்டை போட்ட ஒருவன் காபி டம்ளரோடு சாய்ந்து நிற்கிறான். நல்ல உயரம். சுருட்டை முடி. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவன் குடிக்காமல் மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அவன்மேல் ஒரு வட்ட வெளிச்சம் விழுந்திருந்தது.

தாலி கட்டுகிற நேரத்தில் எவளாவது தூணைப் பார்ப்பாளா? பூபதி சட்டென்று மேகலாவின் பக்கம் திரும்பினான். அவளும் அதே வேகத்தில் முகத்தைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள். தூணோரத்தில் இருந்த வெளிச்சம் காணாமல் போய், ஐயரின் மேல் போய் உட்கார்ந்தது.

பூபதி மறுபடி திரையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் திரும்பவும் தூணோரத்துக்கே வந்துவிட்டது.

"அதாரு புள்ள, அந்தத் தூணுகிட்ட?" என்று கேட்டான், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"எந்தத் தூணுங்க?"

"நீலச் சட்டை."

மேகலா திரையை ஒரு பார்வை பார்த்தாள். "தெரியிலீங்க. உங்க பக்கத்து ஆளா இருக்கும். முறுக்கு நமத்துப் போறதுக்குள்ள சாப்பிடுங்க."

உங்கள் பக்கத்து ஆள் என்று எவ்வளவு சுளுவாகத் தள்ளிவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த நிமிடத்தில் புகுந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் கிடையாது. அதுவும் முகம் தெரியாத ஒருவன்மேல், அவனுடைய உயரத்தின்மேல், அந்தச் சுருட்டை முடியின்மேல். பூபதிக்கு முன்மண்டையில் முடி உதிர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இரவே அதை அவன் நிலைக்கண்ணாடி முன் நின்று பார்த்தான்.

மறுநாளும் வீடியோவைப் போட்டான். அதற்கு மறுநாளும் போட்டான். "நல்லா வந்திருக்கு, இன்னொருக்காப் பாக்கலாம்" என்றான். சமையலுக்கு வைத்திருந்த மின்சாரமெல்லாம் கல்யாணத்துக்கே செலவானது. இரவுக்குப் பழைய சோறும் ஊறுகாயும் என்றானது. ஒவ்வொரு நாளும் மேளம் முழங்கியதும் வெளிச்சம் தூணோரத்துக்குப் போனது. ஒவ்வொரு நாளும் அவன் திரும்பினால் அவள் முகத்தைத் திருப்பினாள். சில சமயம் திரையில் இரண்டு வட்டங்கள் தெரிந்து மறைந்தன. ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு வட்டம் என்று தொழில் தெரிந்தவன் யோசித்திருக்க வேண்டும். திருட்டுக் கண் ஓரிடத்தில் நிற்குமா, அதுதான் தாவுகிறது என்று பூபதி முடிவு கட்டினான்.

அந்த முகத்தை மட்டும் தனியே படமாக எடுத்துக்கொண்டு தன் சொந்தக்காரர்களிடம் காட்டினான். பெரியப்பா மகன் பார்த்துவிட்டு, "நம்மாளு இல்லடா. பந்திக்கு வந்தவனா இருப்பான். எதுத்தாப்பல மண்டபத்துலயும் அன்னிக்குக் கல்யாணம்தான, மண்டபம் மாறி வந்திருப்பான்" என்று சிரித்தார். பூபதிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பக்கத்து ஆள் இல்லை என்றால் அவள் பக்கத்து ஆள். கணக்கு அவனுக்குச் சரியாக இருந்தது.

"காலேஜுல உங்கூடப் படிச்சவனா?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான்.

"யாருங்க?"

"தெரியாத மாதிரிக் கேக்காத."

மேகலா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். "சத்தியமா எனக்கு அந்த மூஞ்சி ஞாபகத்துல இல்லீங்க. கல்யாணத்தன்னிக்கி நான் குனிஞ்ச தலை நிமிரல. அம்மா தொடையில கிள்ளிக்கிட்டே இருந்தாங்க, நிமிராத நிமிராதன்னு. தூண எங்க போயிப் பாத்தேன்?"

"அன்னிக்குப் பாக்கலைன்னா இன்னிக்கு ஏன் பாக்குற?"

"நான் பாக்கவே இல்லைங்கறேன்."

"பெட்டி பொய் சொல்லாது மேகலா."

கணவனா மனைவியா என்று வந்தாலாவது நடுவில் நாலு பெரியவர்கள் வந்து பேசிப் பார்க்கலாம். இயந்திரம் ஒரு பக்கம் சாட்சிக்கு நின்றால் எதிரே நிற்கிறவள் எதைச் சொல்லி மறுப்பாள்?

பூபதி பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க ஆரம்பித்தான். கூட்டிப்போக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, வெளியே வருகிற ஆண் ஆசிரியர்களின் உயரத்தை அளந்தான். சுருட்டை முடிக்கார இயற்பியல் வாத்தியார் ஒருவர் "வணக்கம் சார்" என்றதற்குப் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினான். அதற்குப் பிறகு சக ஆசிரியர்கள் மேகலாவோடு தேவைக்குமேல் பேசவில்லை. மதியச் சாப்பாட்டை அவள் ஆய்வகத்திலேயே முடித்துக்கொண்டாள்.

அவளுடைய அண்ணன் குடும்பம் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தபோது எல்லாரும் தியேட்டருக்குப் போனார்கள். அங்கேயும் முழிப்பெட்டிதான். மேகலா படம் முடிகிற வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி தலைவலியா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பூபதி கேட்டான்: "எதைப் பாத்துருவோம்னு பயந்து கண்ணை மூடிக்கிட்ட?"

அன்றைக்குத்தான் மேகலா துணிப்பெட்டியை எடுத்தாள். துணிகளை மடித்து வைத்து, வாசல் கதவோரம் நிறுத்தினாள். அழவில்லை. அவளுக்கு அழுகையைத் தாண்டிய கோபம் வந்திருந்தது.

"நாளைக்குக் காலைல பாப்பா லீவுக்கு வர்றா. இந்த வீட்டுல, இந்தப் பேச்சுக்கு நடுவுல அவளை நான் உக்கார வெக்க மாட்டேன். அவளக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறேன். அப்புறம் திரும்பறதப் பத்தி எனக்குத் தெரியாது."

அவள் போய்விடுவாள் என்பதைப் பூபதி நினைத்தே பார்க்கவில்லை. அவள் குற்றத்தை ஒப்புக்கொள்வாள், அழுவாள், தான் பெருந்தன்மையாக மன்னிப்போம் என்றுதான் அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான்.

"ஒரே ஒருக்கா" என்றான். "நாளைக்குச் சாயங்காலம் பாப்பாவை உங்க அண்ணி பாத்துக்கட்டும். நாம ரெண்டு பேரும் உக்காந்து கடைசியா ஒருக்காப் பாப்போம். முழிப்பெட்டியக் கம்பெனிக்குக் கொண்டுபோய் முழுசா சரிபாத்துக் கொண்டாறேன், அப்புறம் பெட்டி மேல குத்தம் சொல்ல வேண்டாம். அந்தத் தூணுக்கு வெளிச்சம் போகலைன்னா, என் ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

"போச்சுன்னா?"

மேகலா கதவோரம் இருந்த துணிப்பெட்டியைப் பார்த்தாள். "சரி. பாத்துட்டே போறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் வந்து இறங்கிய இனியா, மேகலாவின் அண்ணியோடு கடைவீதிக்கும் அப்படியே சொந்தக்காரர் வீட்டுக்கும் அனுப்பப்பட்டாள். பூபதி முழிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். பழுதுபார்க்கும் பிரிவுக்கு ரெஜினா தலைமை. அவனைவிட மூத்தவள், எல்லாருக்கும் ரெஜினாக்கா.

"துளி தப்பு இருக்கக் கூடாதுக்கா. முக்கியமான விசயம்."

"என்னப்பா, ஜனாதிபதி வந்து பாக்கப்போறாரா?" என்று கேட்டபடி அவள் பெட்டியைத் திறந்து லென்ஸைத் துடைத்தாள், கேமராவை மாற்றினாள், ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கடைசியில், "இங்க வா, இதுல பாரு" என்று ஒரு சின்னக் கருவியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் மனம் வேறெங்கோ இருந்தது. சொன்னபடி பார்த்தான். "ம், ஆச்சு, எடுத்துட்டுப் போ" என்றாள்.

வெளியில் வெயில் இறங்கியிருந்தது. பூபதி சன்னல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பெட்டியை மாட்டி, வீடியோவைப் போட்டான். மேகலா எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்தாள்.

விநாயகர் படம், மணமக்கள் பெயர், வரவேற்பு வளைவு என்று ஆரம்பம் சரியாகத்தான் ஓடியது. வெளிச்சம் அங்கங்கே நின்று நிதானமாக நகர்ந்தது. ஒரே ஒரு வட்டம். பூபதி விரலை விரல் மேல் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேளம் முழங்கப் போகிறது. அவன் பார்வை தூணோரத்துக்குப் போய்க் காத்து நின்றது.

மேளம் முழங்கியது. திரை முழுவதும் இருண்டது.

"கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று யாரோ கத்துவது கேட்டது. அட்சதை விழுகிற சத்தம் கேட்டது. பெண்களின் குலவை கேட்டது. படம் மட்டும் இல்லை.

பூபதி எழுந்து பெட்டியைத் தட்டினான். போனை எடுத்து ரெஜினாவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டான். "என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? ஸ்கிரீன் கருப்பாக் கெடக்கு."

"யாரும் பாக்கலைன்னா கருப்பாத்தான் கெடக்கும். புதுசா சொல்லித் தரணுமா உனக்கு?"

"நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நீ பாத்தா எப்படிப்பா வெளிச்சம் வரும்? உன் கண்ணைத்தான் விலக்கியாச்சே. அதுவும் இன்னிக்குத்தான் ஒழுங்கா விலக்கியிருக்கேன். கண்ணாடி மாத்தினா மறுபடி பதியணும்னு எத்தன தடவை சொல்லியிருக்கேன்? பழைய கண்ணாடிக்குப் பதிஞ்சது புதுசுக்கு எப்படிச் செல்லும்? நீ புதுக் கண்ணாடி போட்ட நாள்லேர்ந்து உன் பெட்டி உன்னையும் ஓர் ஆளா எடுத்துக்கிட்டுத்தான் வெளிச்சம் காட்டியிருக்கும். அதுகூடவா கவனிக்கல?"

பூபதி போனைக் கீழே வைத்தான். அணைக்கத் தோன்றவில்லை. "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு ரெஜினாவே துண்டித்தாள்.

தூணோரத்தில் வெளிச்சத்தைப் போட்டவன் அவன். தினமும் மேளம் முழங்குகிறபோது அந்த ஆளைத் தேடிப்போய் விளக்கேற்றி வைத்துவிட்டு, விளக்கு ஏன் எரிகிறது என்று மனைவியைக் கேட்டவன் அவன். அவன் தலையைத் திருப்பியதும் வெளிச்சம் அணைந்ததற்கும் காரணம் அவ்வளவுதான்.

"அப்ப நீ" என்று ஆரம்பித்தான். "தாலி கட்டறப்ப நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த? இப்பவும் இருட்டாத்தான இருக்கு. எங்கதான் பாக்குற?"

"உங்களை" என்றாள் மேகலா.

இருட்டுக்குள் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"மொத நாளு ஆசையாப் பாத்தேன். புதுக் கண்ணாடி உங்களுக்கு நல்லா இருந்துச்சு. தாலி கட்டறதப் பாக்குறப்ப உங்க மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பாக்கணும்னு தோணுச்சு. நீங்க திரும்பினீங்க, வெக்கமாப் போச்சு, நானும் திரும்பிக்கிட்டேன். அதுக்கப்புறம் பயத்துல பாத்தேன். மேளம் அடிச்சா உங்க மூஞ்சி மாறும். எப்ப மாறும், எவ்வளவு மாறும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த இடம் வந்துச்சுன்னா நான் ஸ்கிரீனைப் பாத்ததே இல்லீங்க."

பூபதி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்தச் சொல் அவனுக்கே சின்னதாகப் பட்டது. "போகாத மேகலா" என்று மட்டும் சொன்னான்.

அவள் கையை நீட்டி ரிமோட்டை எடுத்து, வீடியோவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். மேளம் மறுபடி முழங்கியது. அந்த இடத்தில் அவள் முதல் தடவையாகத் திரையை நிதானமாகப் பார்த்தாள்.

வெளிச்சம் மேடையில் பிறந்து, மெதுவாக நகர்ந்து, இடது மூலைக்குப் போய் நின்றது.

"இந்த ஆளைத்தான் சொன்னீங்களா?"

பூபதி தலையாட்டினான். அவள் அதைக் கவனிக்கவில்லை. படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். உயரம், சுருட்டை முடி, வாய்க்குப் போகாமல் நிற்கிற காபி டம்ளர், மணப்பெண்ணையே பார்க்கிற கண்கள். எல்லாவற்றையும் வெளிச்சம் ஒன்று விடாமல் தொட்டுக்கொண்டு போனது.

"நீங்க இவ்வளவு காட்டலைன்னா எனக்கு இப்படி ஒருத்தர் வந்ததே தெரிஞ்சிருக்காது" என்றாள். பிறகு, "நல்லாத்தான் இருக்காரு" என்றாள்.

அவள் கண் எடுக்கவில்லை. பூபதியும் திரையைப் பார்த்தான். அவன் பார்த்த இடத்தில் வெளிச்சம் வரவில்லை. மேடை நடுவில் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மங்கலில் இருந்தான். தூணோரத்தில் மட்டும் படம் தெளிவாகத் தெரிந்தது.